சிடி, டிவிடி: கடைக்கு வருகிறவர்கள் கேட்கிற கேள்விகளும் என் பதில்களும்

கும்பகோணத்தில் சிடி வாடகைக் கடையாக ஆரம்பித்தோம். அப்புறம் கல்யாண வீடியோ எடிட்டிங். இப்போது பழைய டிஸ்க்கில் இருப்பதைப் பென்டிரைவுக்கு மாற்றிக் கொடுப்பதுதான் முக்கால்வாசி வேலை. டிஸ்க்கை நீட்டும்போதே கூட ஒரு கேள்வியையும் சேர்த்து நீட்டுகிறார்கள். வலங்கைமானிலிருந்து வந்தாலும் மயிலாடுதுறையிலிருந்து வந்தாலும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். பதிலை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாமே என்று உட்கார்ந்தேன். புத்தகத்தில் குறுந்தகடு, ஒளித்தகடு என்று எழுதுவார்கள். கடையில் யாரும் அப்படிக் கேட்டதில்லை என்பதால் இங்கும் சிடிதான், டிஸ்க்தான்.

அண்ணே, எங்கள் கல்யாண சிடி 2006ல் எடுத்தது, பாதியில் நின்றுவிடுகிறது. அதே வருஷம் வாங்கிய சினிமா சிடி மட்டும் இன்னும் ஓடுகிறதே, எப்படி?

இரண்டும் பார்க்க ஒன்று போல இருந்தாலும் பிறந்த விதம் வேறு.

கம்பெனியிலிருந்து வரும் சினிமா சிடி அச்சில் வார்த்தது. முதலில் ஒரு கண்ணாடித் தட்டில் ஒளிபட்டால் மாறும் பூச்சைத் தடவி, அதில் லேசரால் எழுதுவார்கள். அதிலிருந்து நிக்கலில் ஒரு அச்சு எடுப்பார்கள். உருக்கிய பாலிகார்பனேட்டை அந்த அச்சோடு சேர்த்து அழுத்தினால் பள்ளம் மேடெல்லாம் அப்படியே பிளாஸ்டிக்கில் பதிந்துவிடும். மேலே மெல்லிய அலுமினியப் பூச்சு, அதற்கும் மேலே வார்னிஷ் மாதிரி ஒரு பாதுகாப்புப் பூச்சு, அதற்கு மேல் படம் போட்ட லேபிள். சுவாமிமலை ஸ்தபதிகள் ஒரு சிலைக்கு ஒரு அச்சு செய்து, சிலை வந்ததும் அச்சை உடைத்துவிடுவார்கள். இங்கே ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் வார்க்கலாம், ஒரு டிஸ்க்குக்குச் சில நொடிதான். அதனால்தான் விலை அவ்வளவு இறங்கியது.

உங்கள் கல்யாண சிடியில் பள்ளமே கிடையாது. அது நாங்கள் பிளாங்க் சிடி வாங்கிக் கம்ப்யூட்டரில் ரைட் பண்ணியது. பிளாங்க் சிடிக்குள் ஒரு சாயப் பூச்சு இருக்கும். அடிப்பக்கம் பச்சையாகவோ, நீலமாகவோ, வெளிறிய தங்க நிறமாகவோ தெரிவது அந்தச் சாயம்தான். எழுதும்போது லேசர் கொஞ்சம் பலமாக அடித்துச் சாயத்தை அங்கங்கே கருக்கும். படிக்கும்போது கருகின இடத்தில் வெளிச்சம் குறைவாகத் திரும்பும், பிளேயர் அதையே பள்ளம் என்று எடுத்துக்கொள்ளும். 1988ல் ஜப்பானின் தாயோ யூடென் கம்பெனி கொண்டுவந்த வித்தை இது. பள்ளமே இல்லாத டிஸ்க்கைப் பழைய பிளேயர்களும் ஏற்றுக்கொண்டதுதான் அதன் வெற்றி.

ஆனால் சாயம் சாயம்தானே. வெயில், புழுக்கம், வருஷம் மூன்றும் சேர்ந்து அதை வெளுக்கும். கருகின இடத்துக்கும் கருகாத இடத்துக்கும் வித்தியாசம் குறையக் குறையப் பிளேயர் தடுமாறும். டிவி மேலே, ஜன்னல் ஓரமாக வைத்த டிஸ்க் 2 வருஷத்தில் போனதைப் பார்த்திருக்கிறேன். பீரோவில் பட்டுப்புடவைக்கு நடுவே இருந்த டிஸ்க் 18 வருஷம் கழித்து ஒரு சிக்கலும் இல்லாமல் ஓடியதையும் பார்த்திருக்கிறேன். அச்சு டிஸ்க்கை எப்போது வேண்டுமானாலும் கொண்டுவாருங்கள். ரைட் பண்ணின டிஸ்க்கை இந்த வாரமே கொண்டுவாருங்கள்.

வெறும் பிளாஸ்டிக் தட்டில் படமும் பாட்டும் எங்கே இருக்கிறது?

சிடியின் நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாகச் சுற்றிச் சுற்றிப் போகிற ஒரே ஒரு கோட்டில் இருக்கிறது. வைக்கோல் பிரியைச் சுற்றி நெல்கோட்டை கட்டுவதைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். இருபதாயிரத்துக்கு மேல் சுற்று. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே 1.6 மைக்ரான்தான், அதாவது ஒரு தலைமுடிப் பருமனில் நாற்பது சுற்று அடங்கும். சிடியின் அந்த ஒரே கோடு முழுவதையும் அவிழ்த்து நீட்டினால் 5 கிலோமீட்டருக்கு மேல் வரும். கும்பகோணம் பேருந்து நிலையத்திலிருந்து பிடித்துக்கொண்டு நடந்தால் தாராசுரத்தைத் தொட்டுவிடலாம்.

அந்தக் கோட்டில் பள்ளமும் சமதரையும் மாறி மாறி வரும். மிகச் சின்னப் பள்ளம் 0.83 மைக்ரான் நீளம். கண்ணுக்குத் தெரியாத 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர் அடியிலிருந்து அடிக்கிறது. சமதரையில் பட்டால் வெளிச்சம் முழுதாகத் திரும்பும். பள்ளத்தில் பட்டால், பள்ளத்திலிருந்து திரும்பும் அலையும் அக்கம்பக்கத்துத் தரையிலிருந்து திரும்பும் அலையும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மங்கிவிடும். பள்ளம் என்றால் 0, தரை என்றால் 1 என்று பலரும் சொல்வார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், தப்பு. பள்ளம் தொடங்கும் இடமும் முடியும் இடமும் 1. மற்றபடி பள்ளத்துக்குள்ளே ஓடினாலும் சமதரையில் ஓடினாலும் 0.

தஞ்சாவூர் சரஸ்வதி மகாலில் ஓலைச்சுவடி பார்த்திருப்பீர்கள். எழுத்தாணியால் கீறி, கரி தடவினால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும். கீறலை வெளிச்ச வித்தியாசத்தால் படிப்பது அங்கேயே இருக்கிறது. சிடி அதைத் தொடாமல் படிக்கிறது, அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடித்தது யார்?

ஒருவர் பெயரைச் சொன்னால் இன்னொருவருக்கு அநியாயம்.

அமெரிக்காவில் டேவிட் பால் கிரெக் என்பவர் 1958லேயே, ஒளி ஊடுருவும் தட்டில் வீடியோவைப் பதிந்து வெளிச்சத்தால் படிக்கலாம் என்று யோசித்தார். அவருடைய காப்புரிமைகளை எம்சிஏ என்ற சினிமா நிறுவனம் வாங்கிக்கொண்டது.

எனக்குப் பிடித்தவர் ஜேம்ஸ் ரஸ்ஸல். வாஷிங்டன் மாநிலத்தில் ரிச்லாண்ட் ஊரில் பட்டெல் ஆய்வுக்கூடத்தில் வேலை. பாட்டுப் பைத்தியம். இசைத்தட்டை ஊசி தேய்த்துத் தேய்த்துக் கெடுக்கிறதே என்று அவருக்கு எரிச்சல். ஊசிக்குப் பதிலாகக் கள்ளிமுள்ளை மாட்டியெல்லாம் பார்த்திருக்கிறார். கடைசியில், தொட்டால்தானே தேயும், தொடாமலே படித்தால் என்ன என்று வெளிச்சத்துக்கு வந்தார். ஒலியை 0, 1 ஆக மாற்றிச் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பதிந்து ஒளியால் படிக்கும் முறைக்கு 1966ல் விண்ணப்பித்தார், 1970ல் காப்புரிமை கிடைத்தது. சிடியின் தந்தை அவரே என்று எழுதுகிறவர்கள் உண்டு. அவர் செய்தது ஒளி ஊடுருவும் தகடு, நம் கையில் இருப்பது ஒளியைத் திருப்பி அனுப்பும் தகடு என்று மறுப்பவர்களும் உண்டு.

திருப்பி அனுப்பும் தகட்டில் இறங்கியவர்கள் நெதர்லாந்தில் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தின் கிளாஸ் காம்பான், பீட் கிராமர் இருவரும். தொடங்கியது 1969ல். பிலிப்ஸும் எம்சிஏவும் சேர்ந்து 1978 டிசம்பரில் அமெரிக்காவின் அட்லாண்டாவில் லேசர் டிஸ்க்கை விற்பனைக்கு இறக்கினார்கள். 30 சென்டிமீட்டர் அகலம், நம் வீட்டுத் தாம்பாளம் அளவு. ஒளியால் படித்தாலும் உள்ளே இருந்த படம் டிஜிட்டல் இல்லை, அனலாக். பதிவு செய்யவும் முடியாது. வீடியோ டெக்கில் டேப்பைப் போட்டு டிவி நிகழ்ச்சியைப் பதிந்துகொண்டிருந்த ஜனங்களுக்கு அது போதவில்லை. இங்கே அதை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அப்போது சிடியைக் கொண்டுவந்தது சோனியா, பிலிப்ஸா?

இரண்டு பேரும். சுவாரசியமே அங்கேதான். 1979 மார்ச்சில் பிலிப்ஸ் தன் மாதிரியைப் பத்திரிகையாளர்களுக்குக் காட்டியது. சோனியும் தனியாக முயன்றுகொண்டிருந்தது. வீடியோ டேப்பில் ஆளுக்கொரு அளவு கொண்டுவந்து அடித்துக்கொண்டது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. அதனால் இரண்டு கம்பெனி பொறியாளர்களும் ஒன்றாக உட்கார்ந்து 1980ல் சிவப்புப் புத்தகம் என்கிற விதித்தொகுப்பை எழுதினார்கள். யார் டிஸ்க் செய்தாலும் யார் பிளேயரிலும் ஓடவேண்டும் என்பதுதான் அதன் சாரம். லேசரைவிட எனக்கு இது பெரிய விஷயமாகத் தெரிகிறது. அந்த ஒப்பந்தம் இல்லையென்றால் என் கடையில் கம்பெனிக்கு ஒரு அலமாரி வைக்க வேண்டியிருந்திருக்கும்.

சண்டை இல்லாமல் முடியவில்லை. பிலிப்ஸ் 11.5 சென்டிமீட்டர், 14 பிட் என்றது. சோனி 12 சென்டிமீட்டர், 16 பிட் என்றது. பிட் என்றால், ஒலியின் ஒவ்வொரு அளவையும் எழுத எத்தனை 0, 1 என்கிற கணக்கு. சோனி சொன்னபடியே முடிந்தது. பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி ஒரே தட்டில் முழுதாக அடங்கவேண்டும் என்று சோனியின் நோரியோ ஓகா கேட்டதால்தான் 74 நிமிடம் என்று ஒரு கதை உண்டு. உள்ளே இருந்து வேலை பார்த்த பிலிப்ஸ் பொறியாளர் கேஸ் இம்மிங்க் அதை நம்பவில்லை. பிலிப்ஸின் துணை நிறுவனத்திடம் 11.5 அளவுக்குத் தொழிற்சாலை தயாராக இருந்ததால் சோனி பின்தங்கியிருக்கும், 12 என்று மாற்றிவிட்டால் எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து ஓடலாம் என்கிற வியாபாரக் கணக்குதான் அது என்கிறார். வியாபாரம் செய்கிறவன் என்ற முறையில் நான் இம்மிங்க் பக்கம்.

இன்னொரு எண்ணும் வேடிக்கை. சிடியில் ஒலியை நொடிக்கு 44,100 தடவை அளக்கிறார்கள். ஏன் அந்த எண்? அந்தக் காலத்தில் டிஜிட்டல் ஒலியைப் பதிய வீடியோ டேப்தான் கிடைத்தது. டிவி படத்தின் ஒரு வரிக்கு 3 அளவு, 245 வரி, நொடிக்கு 60 தடவை. பெருக்கிப் பாருங்கள். ஆக, சிடிக்குள் டெக்கு ஒளிந்திருக்கிறது.

1982 ஆகஸ்டில் ஜெர்மனியில் ஹானோவர் பக்கத்துத் தொழிற்சாலையில் ஆபா குழுவின் ஆல்பம் சிடியாக அச்சானது. அக்டோபர் 1ஆம் தேதி ஜப்பானில் சோனியின் முதல் பிளேயர் கடைக்கு வந்தது.

1982லேயே வந்ததென்றால் நம் ஊருக்கு ஏன் இவ்வளவு தாமதம்?

பாட்டு சிடி நம் பக்கத்துக்கு ஒழுங்காக வரவே இல்லை என்பேன். கேசட் மலிவு, டேப் ரெக்கார்டர் எல்லா வீட்டிலும் இருந்தது, கோயில் மைக் செட்டிலும் அதுதான். மார்கழி விடியலில் கேட்ட திருப்பாவை முழுக்கக் கேசட். நம் ஆட்கள் கேசட்டிலிருந்து பாட்டு சிடியைத் தாண்டிக் குதித்து எம்பி3 சிடிக்குப் போய்விட்டார்கள். ஒரே டிஸ்க்கில் 150 பாட்டு என்றால் மினிபஸ் டிரைவர் எதை வாங்குவார்?

சிடியை நம் வீட்டுக்குள் கொண்டுவந்தது விசிடி. 1993ல் பிலிப்ஸ், சோனி, மட்சுஷிடா, ஜேவிசி சேர்ந்து விதி வகுத்தார்கள். சாதா சிடியிலேயே 74 நிமிட வீடியோ. படம் 352க்கு 288 புள்ளிதான், டெக்கு டேப்பின் தரத்துக்கு முன்பின். அமெரிக்காவில் யாரும் சீண்டவில்லை. சீனாவில் பிளேயர் மலிவாகக் கொட்ட ஆரம்பித்ததும் ஆசியா முழுக்கப் பிடித்துக்கொண்டது. இதில் ஈரத்துக்கும் பங்கு உண்டு. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வீடியோ டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை பூக்கும், அதை டெக்கில் போட்டால் டேப்பைப் படிக்கிற ஹெட்டும் போய்விடும். டிஸ்க்கைத் துடைத்தால் போச்சு.

ஒரு படத்துக்கு 2 டிஸ்க், நீளப் படம் என்றால் 3. சண்டை உச்சத்தில் இருக்கும்போது டிஸ்க் முடிந்துவிடும், சின்னப் பையன் எழுந்து ஓடி மாற்றவேண்டும். திருவிழா ராத்திரிக்குப் பிளேயரும் நாலு படமும் சேர்த்து வாடகைக்குக் கொடுப்போம். காலையில் டிஸ்க் திரும்பி வரும்போது தேங்காயெண்ணெய் கைரேகை, சுண்டல் பிசுக்கு எல்லாம் இருக்கும்.

அவ்வளவு கீறல், பிசுக்கு இருந்தும் எப்படி ஓடியது?

மகாமகக் கூட்டத்துக்குப் போகும் பாட்டி, பணத்தை மடியில் கொஞ்சம், சுருக்குப்பையில் கொஞ்சம், மகன் சட்டைப்பையில் கொஞ்சம் என்று பிரித்து வைப்பாள் இல்லையா? ஒன்று போனாலும் மற்றதை வைத்து ஊர் வந்து சேரலாம். சிடியில் தகவலை அப்படிக் கலைத்து, தூரம் தூரமாகப் பரப்பி எழுதுகிறார்கள். கூடவே சரிபார்க்க உதிரி எண்களும் இருக்கும். அந்தக் கணக்கு 1960ல் ரீட், சாலமன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் போட்டது. கோட்டின் நீளவாக்கில் சுமார் 2.5 மில்லிமீட்டர் வரைக்கும் அழிந்து போனாலும் பிளேயர் கணக்குப் போட்டு மீட்டுவிடும்.

இதிலிருந்து துடைக்கும் விதமும் வருகிறது. நடுவிலிருந்து வெளிப்பக்கம் நேராகத் துடையுங்கள். குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு துளியைத்தான் கெடுக்கும். தட்டைக் கழுவுவது போல வட்டமாகத் தேய்த்தால் கீறல் அதே கோட்டோடு நீளமாகப் போகும், அந்தக் கணக்கால் காப்பாற்ற முடியாது.

லேபிள் பக்கம் பேனாவில் எழுதலாமா?

சிடி என்றால் பால்பாயிண்ட் பேனா கூடவே கூடாது. அடிப்பக்கம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிளாஸ்டிக் இருக்கிறது, மேல்பக்கம் அலுமினியத்தை மூடியிருப்பது மெல்லிய பூச்சு மட்டும். எல்லோரும் அடிப்பக்கத்தைப் பொத்திப் பொத்திப் பார்த்துவிட்டு மேல்பக்கத்தைத் தரையில் தேய்க்கிறார்கள். டிவிடி பரவாயில்லை, இரண்டு தகடுகளுக்கு நடுவில் ஒட்டியிருக்கும். ஒட்டுகிற காகித லேபிள் இரண்டுக்கும் வேண்டாம்.

சிடி, டிவிடி இரண்டும் ஒரே அளவு. ஒன்றில் 700 எம்பி, இன்னொன்றில் 4.7 ஜிபி எப்படி?

வாசல் அதே வாசல்தான். புள்ளியை நெருக்கி வைத்தால் பெரிய கோலம் போடலாம். நெருக்கி வைக்க மெல்லிய விரல் வேண்டும். லேசரின் அலைநீளம்தான் இங்கே விரல். டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். அதனால் கோட்டு இடைவெளி 1.6 மைக்ரானிலிருந்து 0.74 ஆக இறங்கியது, பள்ளமும் பாதியானது. இதிலும் 1995 வரை சோனி-பிலிப்ஸ் ஒரு பக்கம், தோஷிபா-டைம் வார்னர் ஒரு பக்கம். ஐபிஎம் மாதிரிக் கம்ப்யூட்டர் கம்பெனிகள், ஒரே அளவுக்கு வாருங்கள், இல்லாவிட்டால் இரண்டையும் தொடமாட்டோம் என்று சொன்ன பிறகே சமாதானம். 1996 நவம்பரில் ஜப்பானில் பிளேயர் வந்தது.

டிவிடிக்கு அடுத்து வந்த புளூ-ரே டிஸ்க்குக்கு 405 நானோமீட்டர். பெயரில் நீலம், உண்மையில் ஊதா. ஜப்பானில் நிச்சியா கம்பெனியில் ஷூஜி நாகமுரா பட்ட பாட்டில் வந்தது அந்த லேசர். நீல எல்இடிக்காக 2014ல் அவருக்கும் அகசாகி, அமானோ இருவருக்கும் நோபல் கிடைத்தது. ஒரு அடுக்கில் 25 ஜிபி.

28 ரூபாய்க்கு ஒரிஜினல் சிடி வந்ததே, அது என்ன ஆனது?

மோசர் பேயர். நொய்டா பக்கம் தொழிற்சாலை வைத்து உலகம் முழுக்கப் பிளாங்க் டிஸ்க் விற்ற கம்பெனி. 2006, 2007 வாக்கில் படங்களின் உரிமையை மொத்தமாக வாங்கி விசிடி 28, டிவிடி 34 ரூபாய் என்று போட்டது. திருட்டு சிடியே அந்த விலைதான். 2004ல் தமிழ்நாட்டில் திருட்டு வீடியோவைக் குண்டர் சட்டத்தில் சேர்த்தார்கள், அதற்கும் அசையாத சந்தை இந்த விலைக்கு அசைந்தது. என் வாடகைக் கடையும்தான்! 10 ரூபாய் வாடகை கொடுப்பதற்கு 28 கொடுத்துச் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது. அப்புறம் பென்டிரைவும் செல்போனும் வந்தன. 2018ல் அந்தக் கம்பெனியைக் கலைக்க உத்தரவானது.

52 எக்ஸ் என்று போட்டிருக்கிறதே, அந்த வேகத்தில் எழுதலாமா?

பாட்டு சிடி சாதாரணமாக ஓடுகிற வேகம் 1 எக்ஸ், 52 எக்ஸ் என்றால் அதைப்போல 52 மடங்கு. எழுதலாம், நான் எழுதிப் பட்டிருக்கிறேன். ஒரு முகூர்த்த நாளில் 40 டிஸ்க் அவசரமாகக் கேட்டார்கள். முழு வேகத்தில் ஓட்டி, ஒன்றைக்கூடப் போட்டுப் பார்க்காமல் கொடுத்தேன். மறுவாரம் பதினொன்று திரும்பி வந்தது, பெண்ணின் தாய்மாமாவே தூக்கிக்கொண்டு வந்தார். எல்லாமே கடைசிப் பகுதியில், சரியாகப் பந்தி நேரத்தில் சிக்கியது. டிஸ்க் நடுவிலிருந்து வெளியே எழுதப்படுவதால் கடைசிப் பகுதி ஓரத்தில் வரும். வேகம் கூடும்போது ஓரம்தான் முதலில் ஆட்டம் காணும். அதற்கப்புறம் 16 எக்ஸைத் தாண்டியதில்லை.

கஜா புயலில் தண்ணீர் புகுந்து டிஸ்க் எல்லாம் சேறாகிவிட்டது. தேறுமா?

2018 நவம்பருக்கு அப்புறம் வேதாரண்யம், திருத்துறைப்பூண்டிப் பக்கமிருந்து பை பையாக வந்தது. நிறையத் தேறியது. காய்ந்த சேற்றைச் சுரண்டாதீர்கள், அந்த மணல்தான் கீறும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து, சேறு தானாக விட்டதும் அலசி, நிழலில் நிற்கவைத்துக் காயவிடுங்கள். லேபிள் பக்கம் அலுமினியம் கொப்புளித்து வெளிச்சத்தில் ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தால், அந்த இடத்தில் இருந்தது போனதுதான்.

நானே வீட்டில் காப்பி எடுக்கலாமா?

தாராளமாக. கம்ப்யூட்டரில் டிரைவ் இல்லையென்றால் யுஎஸ்பி டிரைவ் கிடைக்கிறது. விசிடியில் ‘டேட்’ (.DAT) என்று முடியும் கோப்பு, டிவிடியில் ‘வாப்’ (.VOB) என்று முடியும் கோப்புகள்தான் படம். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிக்கும். என்னிடம் 4 பழைய டிரைவ்கள் இருக்கின்றன. இருப்பதிலேயே கிழடுதான் நிறைய டிஸ்க்கைக் காப்பாற்றியிருக்கிறது. எடுத்ததை இரண்டு இடத்தில் வையுங்கள், பென்டிரைவ் ஒன்றை மட்டும் நம்பாதீர்கள்.

புளூ-ரேயில் எழுதி வைத்தால் நிரந்தரமா?

கல்யாண வீடியோவுக்குப் புளூ-ரே கேட்டவர்கள் என் கடையில் இரண்டு பேர், இருவருமே சிங்கப்பூரில் இருந்து வந்தவர்கள். எழுதும் புளூ-ரே டிஸ்க் தயாரிப்பைச் சோனியே 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. டிஸ்க் நின்றாலும் படிக்க டிரைவ் கிடைக்கவேண்டுமே.

காப்பி எடுத்த பிறகு பழைய டிஸ்க்கை என்ன செய்வது?

கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் நூலில் கட்டி வயலில் தொங்கவிடுகிறார்கள். காற்றில் சுற்றும்போது பளீரென்று அடிக்கிற வெளிச்சத்துக்குக் குருவி முதல் வாரம் பயப்படும். அதற்கு முன்னால் பெட்டியின் அட்டையை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேதி, மண்டபம், மாப்பிள்ளை வீட்டார் பெயர் எல்லாம் அதில்தான் இருக்கும். டிஸ்க்குக்குள் கோப்பின் பெயர் எல்லார் கல்யாணத்துக்கும் ஒன்றேதான்.